லெவோதைராக்ஸின் 75: ஆறு வருஷமா தினமும் காலையில சாப்பிடுறவளோட ரிவ்யூ

ரேட்டிங் 5க்கு நாலரை. அரை மார்க் எதுக்கு குறைச்சேன்னு கீழ சொல்றேன்.

எல்ட்ராக்ஸின், தைரோநார்ம், தைராக்ஸ்னு பல பேர்ல கிடைக்கிற அதே தைராய்டு மாத்திரைதான். எந்த பேர்ல வாங்கினாலும் உள்ள இருக்குற மருந்து ஒண்ணு, அதனால என் பிராண்ட் பேரு இங்க முக்கியம் இல்ல. ஸ்டிக்கர் பொட்டு சைஸ்ல ஒரு மாத்திரை, இது என்னை எங்கேருந்து தூக்கி நிறுத்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும்.

நான் கும்பகோணத்துல ஸ்கூல் டீச்சர். சின்னவன் பொறந்து ஒரு வருஷம் இருக்கும், சித்திரை வெயில்லயும் ஃபேனை நிறுத்திட்டு போர்வைய போத்திக்கிட்டு படுப்பேன், குதிகால் வெடிச்சு செருப்பு போட முடியாது, சீப்புல கொத்து கொத்தா முடி, பேப்பர் திருத்தும்போதே பேனாவோட தூங்கிடுவேன், வீட்ல எல்லாரும் பிள்ளை பெத்த உடம்புதானே, சரியாயிடும்னு சொன்னாங்க. கல்யாண மோதிரம் விரல்ல இறுகி சோப்பு போட்டு கழட்டுன அன்னைக்குத்தான் டாக்டர்கிட்ட போனேன். ரத்த டெஸ்ட்ல தைராய்டு அளவைக் காட்டுற டிஎஸ்ஹெச் 46. நாலுக்குள்ள இருக்க வேண்டியது. ஆன்டி டிபிஓ, அதாவது தைராய்டுக்கு எதிரா உடம்பே உண்டாக்குற எதிர்ப்பொருள், 600க்கு மேல.

டாக்டரம்மா பொறுமையா உக்காந்து சொன்னாங்க, இதுக்கு பேரு ஹாஷிமோட்டோ. 1912ல ஜப்பான் டாக்டர் ஹகாரு ஹாஷிமோட்டோ நாலு பொம்பளைங்களோட கழுத்துக் கழலைய ஆராய்ஞ்சு எழுதினதால அவர் பேரு. அது உடம்போட எதிர்ப்பு சக்தி செய்யுற வேலைன்னு கண்டுபிடிக்க 1956 வரைக்கும் ஆச்சாம். கிருமியோட சண்டை போட வேண்டிய அணுக்கள் நம்ம தைராய்டு சுரப்பியையே எதிரின்னு நினைச்சு அடிக்குது, வேலியே பயிரை மேய்ஞ்ச கதை. அடி வாங்கி வாங்கி சுரப்பி களைச்சுப்போய் ஹார்மோன் குறையுது, இன்னும் சுரன்னு மூளைப் பக்கத்துலேருந்து போற சத்தம்தான் டிஎஸ்ஹெச், அதனாலதான் ஹார்மோன் குறையக் குறைய அந்த நம்பர் ஏறுது. பரம்பரை ஒரு காரணம், எங்க அம்மாவுக்கும் இருக்கு. ஆம்பளைங்கள விட பொம்பளைங்களுக்கு பல மடங்கு அதிகம், பிரசவத்துக்கு அப்புறம் தலைகாட்டுறதும் உண்டு, அயோடின் ரொம்ப அதிகமானாலும் தூண்டிவிடும். நீ ஏதோ தப்பா சாப்பிட்டதால வந்தது இல்லம்மான்னு அவங்க சொன்னப்போ அங்கேயே அழுதுட்டேன்.

இப்ப மாத்திரைக்கு வரேன். இது வெளியூர் சரக்கு மாதிரி ஏதோ கெமிக்கல் இல்ல, நம்ம சுரப்பி சுரக்குற அதே தைராக்ஸின், செஞ்சு குடுக்குறாங்க, அவ்வளவுதான். ஆனா சாப்பிடுற விதம் தப்பினா வேலை செய்யாது. எங்க ஊர்ல காலையில கண்ணு முழிச்சா டிகிரி காபி, நானும் டபரால காபிய ஆத்திக்கிட்டே மாத்திரைய வாயில போடுவேன். ரெண்டு மாசம் கழிச்சு டிஎஸ்ஹெச் 14. டாக்டரம்மா டோஸ் ஏத்தல, எப்படி சாப்பிடுறேன்னு மட்டும் கேட்டாங்க, காபின்னதும் தலையில கைய வச்சாங்க. அன்னையிலேருந்து அஞ்சு மணிக்கு அலாரம், ஒரு டம்ளர் தண்ணியோட மாத்திரை, ஆறு மணிக்குத்தான் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் நாலு மணி நேரமாவது தள்ளி, நான் ராத்திரிக்கு மாத்திட்டேன். அதே 75 மைக்ரோகிராம்தான், எட்டு வாரத்துல 3.1க்கு வந்துச்சு.

அதுக்கப்புறம் நான் பண்ணுன முட்டாள்தனத்த கட்டாயம் சொல்லணும், வேற யாரும் பண்ணக்கூடாது. வாட்ஸ்அப்ல ஒரு பவுடர் விளம்பரம், தைராய்டை வேரோட குணமாக்கும், மாத்திரைய தூக்கிப் போடுங்கன்னு. 2,400 ரூபா குடுத்து வாங்கி மாத்திரைய நிறுத்திட்டேன். முதல் ரெண்டு வாரம் ஒண்ணுமே தெரியல, பவுடர் கேக்குதுன்னே நம்பிட்டேன். விஷயம் என்னன்னா தைராக்ஸின் ரத்தத்துல பாதியா குறையவே ஒரு வாரம் கிட்ட ஆகும், பழைய மாத்திரைதான் என்னை ஓட்டிக்கிட்டு இருந்துச்சு, பேரு மட்டும் பவுடருக்கு. மூணாவது மாசம் திரும்ப போர்வை, திரும்ப முடி, டிஎஸ்ஹெச் 38. ஃபோன் பண்ணுனா இன்னும் ரெண்டு டப்பா சாப்பிடுங்க மேடம்ங்கிறான். வயித்தெரிச்சல்ங்க.

அரை மார்க் குறைச்சது இதுக்குத்தான்: இந்த மாத்திரை இல்லாத ஹார்மோனை நிரப்புது, அந்த சண்டைய நிறுத்தாது. அப்படி நிறுத்துற மருந்துன்னு இன்னும் யாரும் கையில குடுக்கல, என்னை மாதிரி சுரப்பி களைச்சுப் போனவங்களுக்கு இது ஆயுசுக்கும்தான். எடையும் நான் நினைச்ச அளவுக்கு இறங்கல, நாலு கிலோதான், அதுல பாதி வீக்கம் வடிஞ்சதா இருக்கும்.

விலை பிரச்சனையே இல்ல, அத்தியாவசிய மருந்து பட்டியல்ல இருக்கு. ஆனா மெடிக்கல்ல அது இல்லம்மா இது ஒண்ணுதான்னு வேற பிராண்ட் குடுப்பாங்க. ஒருதடவை நானும் வாங்கிட்டேன். மருந்து ஒண்ணுதான், ஆனாலும் உடம்பு இழுத்துக்குற அளவுல கொஞ்சம் வித்தியாசம் வரலாம், மாத்துனா ஆறிலேருந்து எட்டு வாரத்துல ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க. அடுப்புக்கு மேல இருக்குற அலமாரியில பாட்டில வைக்காதீங்க, சூடும் ஈரமும் ஆகாது. என்னோடது இப்ப பீரோவுல புடவைக்கு பக்கத்துல இருக்கு.

எங்க சித்தி பொண்ணுக்கு இதே மாதிரி எதிர்ப்பு சக்தி கோளாறுதான், ஆனா நேர் எதிர், கிரேவ்ஸ். சுரப்பி ஓவரா வேலை செய்யுது, நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், எடை சரசரன்னு குறைஞ்சு கண்ணு முன்னாடி தள்ளிக்கிட்டு வந்துச்சு. அவளுக்கு ஹார்மோன் சுரக்குறதை குறைக்கிற கார்பிமசோல் மாத்திரை, ஒண்ணரை வருஷம் கிட்ட ஓடுச்சு. அந்த மருந்து சாப்பிடுறவங்களுக்கு திடீர்னு தொண்டை வலி, காய்ச்சல் வந்தா சும்மா விடாம உடனே மருந்த நிறுத்தி டாக்டர பாத்து ரத்த அணு டெஸ்ட் எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. ரெண்டுக்கும் தைராய்டுன்னுதான் பேரு, அதனாலயே அக்கம்பக்கத்துல ஒருத்தர் மாத்திரைய இன்னொருத்தர் கேட்டு வாங்கி சாப்பிடுற வேலையே கூடாது, இதயத்துக்கே ஆபத்து.

எங்க அத்தை அயோடின் உப்ப நிறுத்திட்டு இந்துப்புக்கு மாத்தணும்னு ஒரே பிடிவாதம். டாக்டரம்மா சொன்னது, சமையலுக்கு சாதாரண அயோடின் உப்பே போதும், கடல்பாசி மாத்திரை மாதிரி எக்ஸ்ட்ரா அயோடின்தான் வேண்டாம். முட்டைக்கோஸ் வேகவச்சு சாப்பிடலாம், அதுக்கு பயந்து பொரியலை விட்டவ நான்.

பிள்ளை உண்டாகியிருக்கிறவங்க மட்டும் ஒரு நாள் கூட தள்ளிப்போடாதீங்க, தெரிஞ்ச உடனே டாக்டர்கிட்ட போங்க, பெரும்பாலும் டோஸ் ஏத்த வேண்டி வரும், முதல் மூணு மாசம் குழந்தை மூளை வளர்ச்சிக்கு அம்மாவோட ஹார்மோன்தான் வேணும்.

கடைசியா ஒண்ணு, முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை எடுக்கறவங்க டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியே அத நிறுத்திட்டு லேப்லயும் சொல்லிடுங்க, நம்பரை தப்பா காட்டிடும். நான் டெஸ்ட் அன்னைக்கு ரத்தம் குடுத்துட்டு வந்துதான் மாத்திரை போடுவேன், ஒரு சின்ன டப்பியில போட்டு கைப்பையில எடுத்துட்டு போயிடுவேன்.