இன்ஜின் நின்றுபோகும் நொடியைக் காட்டிக்கொடுக்கும் கருவி: ஸ்பார்க் டெஸ்டர் மதிப்புரை

கரடுமுரடான பாதைகளுக்கென்று வந்த பழைய, சிறிய வண்டியை வைத்துப் பராமரிப்பவர்களை மிகவும் சோதிக்கும் கோளாறு ஒன்று உண்டு. வண்டி முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகும், இருபது நிமிடம் ஒரு குறையுமின்றி ஓடும், பிறகு நின்றுவிடும். எத்தனை முறை உதைத்தாலும் அசையாத அதே இன்ஜின், கால் மணி நேரம் ஆறியதும் எதுவுமே நடவாததுபோல் மீண்டும் உயிர்பெறும். என்னுடைய வண்டி ஒற்றை சிலிண்டரும் கார்புரேட்டரும் கொண்டது. பேட்டரியை நம்பாமல், இன்ஜினோடு சுழலும் மேக்னட்டிலிருந்தே மின்சாரம் பெற்றுப் பொறியை உண்டாக்கும் சி.டி.ஐ. வகை இக்னிஷன் உடையது. அது ஏறக்குறைய மூன்று மாதங்கள் இப்படித்தான் என்னை அலைக்கழித்தது. அந்த அலைச்சலுக்கு முடிவு கட்டியது, பிளக்குக்கும் பிளக் கேப்புக்கும் இடையில் மாட்டும் சிறிய ஸ்பார்க் டெஸ்டர். எனவே அதன் நிறைகளையும் குறைகளையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கருவியின் அமைப்பு மிக எளிது. ஒளி ஊடுருவும் குழாய்க்குள் ஒரு நியான் விளக்கு. ஒரு முனையில் பிளக்கின் தலையில் மாட்டும் ரப்பர் உறை, மறுமுனையில் கேப்பை மாட்டுவதற்கான உலோகக் குமிழ். உயர் மின்னழுத்தம் இதன் வழியாகவே பிளக்குக்குச் செல்வதால், ஒவ்வொரு தீப்பொறிக்கும் விளக்கு ஒருமுறை மின்னுகிறது. மேக்னட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி விழும் இன்ஜின், ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றினால் நொடிக்கு 25 மின்னல்கள். கண்ணுக்கு அது இடைவிடாத துடிப்பாகத் தெரியும். ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் துடிப்பு மறைந்து நிலையான ஒளியாகிவிடும்.

இந்தக் கருவி விடை சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இன்ஜின் நின்றபோது முதலில் போனது பொறியா, பெட்ரோலா? வேறு வழிகளில் இதை உறுதியாக அறிவது கடினம் என்பதுதான் இதன் மதிப்பு. வண்டி நின்ற பிறகு நாம் கருவிப் பெட்டியைத் திறந்து, பிளக்கைக் கழற்றி, சிலிண்டர் ஹெட்டில் படும்படி வைத்து உதைத்துப் பார்ப்பதற்குள் கோளாறு ஆறிப்போயிருக்கும். அப்படியே பொறி தெரிந்தாலும் அதை நம்ப முடியாது, வெளிக்காற்றில் 0.7 மி.மீ. இடைவெளியை எளிதாகத் தாண்டும் பொறிக்கு, சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையில் அதே இடைவெளியைத் தாண்டப் பல மடங்கு மின்னழுத்தம் தேவைப்படும். நானும் அந்தப் பொறியை நம்பித்தான் குற்றம் கார்புரேட்டருடையது என்று முடிவு செய்து, பெட்ரோல் பாயும் சிறு துளைகளான ஜெட்டுகளை இருமுறை கழற்றிக் கழுவினேன், உள்ளே பெட்ரோலின் அளவைக் காக்கும் ஃப்ளோட்டின் மட்டத்தைச் சரிசெய்தேன், பெட்ரோல் குழாயை மாற்றினேன், டேங்க் மூடியின் காற்றுத்துளையை ஊசியால் குத்தித் திறந்தேன். துளை அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகிப் பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும் என்பதும், சற்று நேரம் கழித்துக் காற்று கசிந்து உள்ளே போனதும் வண்டி மீண்டும் ஓடும் என்பதும் உண்மையானதால், என் சந்தேகத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் எந்த மாற்றமும் இல்லை.

டெஸ்டரை மாட்டி, திறந்த மைதானத்தில் மெதுவாக வட்டமடித்தேன். இன்ஜின் இருக்கைக்குக் கீழே இரு கால்களுக்கும் நடுவே இருப்பதால், சற்றுக் குனிந்தாலே விளக்கு தெரிந்தது. பகல் வெளிச்சத்தில் நியான் ஒளி மிகவும் மங்கலாக இருப்பது இக்கருவியின் முதல் குறை. கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, விளக்கின் மேல் சிறு கூரைபோல நீட்டிவிட்ட பிறகே தெளிவாகப் பார்க்க முடிந்தது. பதினெட்டாவது நிமிடத்தில் விளக்கு இருமுறை தவறியது. மறுநொடி முற்றிலும் அணைந்தது. வண்டியோ கியரில் இருந்ததால் இன்னும் உருண்டுகொண்டிருந்தது, மேக்னட் சுழன்றுகொண்டிருந்தது, விளக்கு மட்டும் இருண்டு கிடந்தது. மூன்று மாதச் சந்தேகம் அந்த இடத்திலேயே தீர்ந்தது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மறுநாள் பெட்ரோல் டேப்பை வேண்டுமென்றே மூடிவிட்டு ஓட்டினேன். ஃப்ளோட் அறையில் எஞ்சியிருந்த பெட்ரோல் தீரும் வரை ஓடிய இன்ஜின், பிறகு ஏறி இறங்கி, விக்கி, இழுவை குறைந்து, சில நொடிகள் தடுமாறிய பின்பே நின்றது; மேக்னட்டின் சுழற்சி ஓயும் வரை விளக்கும் துடித்துக்கொண்டே இருந்தது. இந்த இரண்டு விதமான நிற்றலையும் ஒருமுறை அருகிருந்து பார்த்தவர்களுக்குப் பிறகு குழப்பமே வராது. டெஸ்டர் வாங்குபவர்கள் முதலில் இந்தச் சோதனையைச் செய்து, தங்கள் வண்டி பெட்ரோல் இன்றி நிற்கும்போது எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பொறி போகிறது என்பதை மட்டுமே கருவி சொல்லும். எதனால் போகிறது என்பதைச் சொல்லாது. இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சின் ஒயர் எங்காவது வண்டியின் உடலில் உரசி எர்த் ஆகிறதா என்று பார்க்க அதைக் கழற்றிவிட்டு ஓட்டினேன்; அப்போதும் விளக்கு அணைந்தது. அடுத்து மல்டிமீட்டர். இக்னிஷனுக்கு மின்சாரம் தரும் கம்பிச் சுருளான மேக்னட்டின் சோர்ஸ் காயில், குளிர்ந்த நிலையில் 300 ஓம் காட்டியது. தாமிரத்தின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடுவதால், 60 டிகிரி சூடேறினால் அது 370 ஓம் அளவுக்கு வர வேண்டும். வண்டி நின்றவுடன் அளந்தபோது மீட்டரில் எண்ணே வரவில்லை, சுற்று அறுந்திருந்தது. மீட்டரின் முனைகளை எடுக்காமல் அப்படியே காத்திருந்தேன். பன்னிரண்டு நிமிடம் கழித்து எண்கள் தாமாகவே திரும்பி வந்து நின்றன. காயிலுக்குள் மெல்லிய கம்பி ஒன்று அறுந்து, குளிர்ந்தபோது ஒட்டியும் சூட்டில் விரிந்தபோது பிரிந்தும் இருந்திருக்கிறது. ஃப்ளைவீலைப் புல்லர் கொண்டு கழற்றிக் காயிலை மாற்றினேன். அதன் பிறகு வண்டி ஒருநாளும் வழியில் நிற்கவில்லை.

கருவியின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். மின்சாரம் பிளக் வரை சென்றது என்பதற்கு மட்டுமே விளக்கு சாட்சி. கரி படிந்த பிளக்கில் மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் கரியின் வழியே எர்த்துக்கு ஓடினாலும் விளக்கு எரியத்தான் செய்யும். எனவே விளக்கு எரிந்தும் இன்ஜின் நின்றால், பெட்ரோலைக் குறை சொல்வதற்கு முன் புதிய பிளக் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பொறியின் வலிமையையும் ஒளியைக் கொண்டு மதிப்பிட முடியாது. 1970இல் வந்த மூன்று சக்கர ஹோண்டா யூஎஸ்90 காலத்து வண்டிகளைப்போல, தொட்டு விலகும் முனைகளான பாயின்ட் கொண்ட இன்ஜின்களில் கண்டென்சர் பலவீனமானால் பொறி நலிந்துபோகும். ஆயினும் விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம். அந்தச் சோதனைக்கு, திருகி இடைவெளியை மாற்றக்கூடிய மற்றொரு வகை டெஸ்டரே பொருத்தம். பொறி குறைந்தது 6 மி.மீ. தாண்டுகிறதா என்று அதில் பார்க்கலாம். ஆனால் அதில் பொறி வெளிக்காற்றில் விழுவதால் பெட்ரோல் கசியும் இடத்தருகே அதைப் பயன்படுத்தவே கூடாது. ஓடும் வண்டியிலும் அதைக் கொண்டு பார்க்க இயலாது. எந்த வகையானாலும் கிளிப்போ உறையோ நழுவி, கேப் எதிலும் இணையாமல் தொங்கும் நிலையில் இன்ஜினைச் சுழற்ற வேண்டாம். வழியில்லாத உயர் மின்னழுத்தம் இக்னிஷன் காயிலின் இன்சுலேஷனைத் துளைத்துவிடக்கூடும்.

வாங்கும்போது முக்கியமாகக் கவனிக்க வேண்டியது குமிழைத்தான். சிறிய வண்டிகள் பலவற்றில், பிளக்கின் தலையிலுள்ள நட்டைக் கழற்றிவிட்டு, 4 மி.மீ. மரையின் மேல் நேரடியாகக் கேப் மாட்டப்படுகிறது. டெஸ்டர்களோ நட்டுடன் கூடிய பிளக்குக்கென்று செய்யப்பட்டவை. முதலில் நான் வாங்கியதன் குமிழ் என் வண்டியின் கேப்புக்குள் நுழையவே இல்லை. இப்போது வைத்திருப்பதில் குமிழைத் திருகிக் கழற்றினால் உள்ளே அதே மரை இருக்கிறது. கழற்றிய நட்டைப் பிளக்கின் தலையில் போட்டுக்கொண்டால் ரப்பர் உறையும் இறுக்கமாக உட்காருகிறது.