மூட்டுக்கு வலுவூட்டும் மாத்திரை என்று சொல்லி எனக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்: பளு தூக்குவோர் கவனத்திற்கு

எட்டு மாதங்களுக்கு முன் டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் பளுக்கம்பியைத் தூக்கி நிமிர்ந்து நிற்கும் பயிற்சி) செய்துகொண்டிருந்தபோது, என் வலது மேற்கையின் முன்புறத் தசையான பைசெப்ஸை எலும்போடு பிணைக்கும் கீழ்முனைத் தசைநாண் முழங்கைக்குக் கீழே எலும்பிலிருந்து பிய்ந்துபோனது. அதில் என் அவசரத்துக்கும் பங்கு உண்டு. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அதற்கு முந்தைய 14 வாரங்களில் பெரும்பகுதி நான் எதை விழுங்குகிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் வைக்கப்பட்டிருந்தது. பிய்ந்த பிறகு மூன்று வாரங்களுக்கு, எனக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பதும் மறைக்கப்பட்டது. இரண்டையும் செய்தவர், நான் மாதந்தோறும் கட்டணம் செலுத்திப் பயிற்சி பெற்ற உடற்பயிற்சிக் கூடத்தின் தலைமைப் பயிற்சியாளர். இதே முறையில் ஏமாற்றப்பட்ட வேறு சிலரையும் பின்னர் சந்தித்தேன் என்பதால், நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

எந்த மருந்தும் இல்லாமல் மூன்று ஆண்டுகள் பயிற்சி செய்திருந்தேன். டெட்லிஃப்டில் 150 கிலோவைத் தாண்ட முடியாமல் பல மாதங்கள் நின்றுவிட்டேன். முழங்கையிலும் தோளிலும் பயிற்சிக்குப் பின் மந்தமான வலி இருந்துகொண்டே இருந்தது. அதைச் சொன்னபோதுதான் பயிற்சியாளர் பெயர்ச்சீட்டு ஒட்டாத ஒரு குப்பியைக் கொடுத்து, இது மூட்டுகளுக்கும் நாண்களுக்கும் வலுவூட்டும் வைட்டமின் கலவை என்றார். சீட்டு எங்கே என்று கேட்டேன். மொத்தமாக வாங்கித் தம்மிடம் பயில்பவர்களுக்கு மட்டும் பிரித்துக் கொடுப்பதாகச் சொன்னார். அந்த இடத்திலேயே நான் குப்பியைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

எட்டு வாரங்களில் உடல் எடை ஆறு கிலோ கூடியது. 150 கிலோவில் நின்றிருந்த நான் 180 கிலோவைத் தூக்கினேன். வலி கூடக் குறைந்ததுபோல் இருந்தது. அதே சமயம் முகம் ஊதியது, முதுகு முழுவதும் பருக்கள் வெடித்தன, தூக்கம் கெட்டது, வீட்டில் சிறிய விஷயத்துக்கெல்லாம் சீறி விழுந்தேன். வற்புறுத்திக் கேட்ட பிறகு அவர் அது மெத்தாண்டியனோன் என்று ஒப்புக்கொண்டார். ‘லேசான ஸ்டீராய்டுதான், ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கே மருத்துவர்கள் ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள், இதற்குப் போய் ஏன் பயப்படுகிறீர்கள்’ என்றும் சொன்னார்.

இந்த ஒரு வாக்கியத்தை நம்பிப் பலர் ஏமாந்திருக்கிறார்கள் என்பதால் இதை விளக்கியாக வேண்டும். ஆஸ்துமாவுக்குக் கொடுப்பது கார்டிகோஸ்டீராய்டு. அது அழற்சியைத் தணிக்கும் மருந்து; மாத்திரையாக நெடுநாள் உட்கொண்டால் தசையைக் கரைக்கக்கூடியது. எனக்குக் கொடுக்கப்பட்டதோ ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் வேதி அமைப்பை மாற்றித் தயாரித்த, தசையை வளர்க்கும் அனபாலிக் ஸ்டீராய்டு. இரண்டுக்கும் பெயரில் ஒரு சொல் பொது என்றாலும், பயன் வேறு, உடலில் வேலை செய்யும் விதமும் வேறு. அவர் ‘லேசானது’ என்ற மெத்தாண்டியனோன் 1958-இல் டயனபால் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அங்கே அதை முதலில் பயன்படுத்தியவர்களில் பளு தூக்கும் வீரர்களும் இருந்தார்கள். ஒலிம்பிக் குழு அனபாலிக் ஸ்டீராய்டுகளை 1975-இல் தடை செய்து, 1976 மான்ட்ரியல் போட்டியில் முதன்முறையாகச் சோதித்தபோது, பிடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பளு தூக்குபவர்களே. மாத்திரை வடிவில் வயிற்றின் வழியே போகும் இவ்வகை ஸ்டீராய்டுகள் கல்லீரலில் எளிதில் சிதையாதபடி மாற்றப்பட்டவை. கல்லீரலுக்கு அவை தரும் சுமையும் அதனால்தான்.

இவற்றையெல்லாம் அன்று நான் தேடிப் படிக்கவில்லை. உண்மை தெரிந்த பிறகும் ஆறு வாரங்கள் தொடர்ந்தேன்; கம்பியில் ஏறிக்கொண்டிருந்த எடை என் கண்ணை மறைத்துவிட்டது. அந்த ஆறு வாரங்களுக்கான பொறுப்பு என்னுடையது.

அவர் சொன்ன மிகக் கொடிய பொய், இது மூட்டைக் காக்கும் என்பதே. தசையில் இரத்த ஓட்டம் அதிகம். அது வாரக்கணக்கில் வலுவடையும். தசையை எலும்போடு பிணைக்கும் நாணில் இரத்த ஓட்டம் குறைவு. அதற்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரத இழைகள் பளுவுக்கு ஏற்ப உறுதியாக மாதக்கணக்கில் ஆகும். மருந்தில்லாமல் பயிற்சி செய்பவருக்குத் தசை வளரும் வேகமே குறைவு என்பதால், நாண் சற்றுப் பின்தங்கினாலும் ஓரளவு கூடவே வந்து சேரும். ஸ்டீராய்டு அந்த ஒத்திசைவை உடைத்துவிடுகிறது. 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், 43 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் வீதம் 10 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியே செய்யாமல் மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு, மருந்தின்றிப் பயிற்சி செய்தவர்களைவிடக் கொழுப்பற்ற உடல் எடை கூடுதலாக ஏறியது. தசை உழைக்காமலேயே வளர்ந்துவிடும். நாணுக்கு அப்படி ஒரு குறுக்குவழி கிடையாது. விலங்குகளில் செய்த சோதனைகளில், ஸ்டீராய்டும் பயிற்சியும் சேர்ந்தபோது நாண்கள் விறைப்பேறி, நீளும் தன்மையை இழந்து, விரைவில் அறுந்தன. 2015-இல் வெளியான ஆய்வு 35 முதல் 55 வயது வரையிலான, நீண்ட அனுபவமுள்ள 142 உடற்கட்டு வீரர்களைப் பற்றியது. ஸ்டீராய்டு பயன்படுத்திய 88 பேரில் 19 பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது நாண் அறுந்திருந்தது. பயன்படுத்தாத 54 பேரில் மூவருக்கு மட்டுமே. மேலுடலில் நாண் அறுந்தவர்கள் 15 பேர். அத்தனை பேரும் ஸ்டீராய்டு பயன்படுத்தியவர்கள்.

நாண் பிய்ந்த அன்று நான் 190 கிலோவை எடுத்தது கலப்புப் பிடியில், அதாவது ஒரு உள்ளங்கை உடலை நோக்கியும் மற்றது முன்னோக்கியும் இருக்குமாறு. உள்ளங்கை முன்னோக்கியிருக்கும் கையில் பைசெப்ஸ் நீண்ட நிலையில் பளுவைத் தாங்குகிறது. முழங்கை சிறிதளவு மடங்கினாலும் இழுவிசை முழுவதும் அந்த ஒரு நாணில் விழும். கம்பி முழங்காலைத் தாண்டும்போது ஈரத்துணியைக் கிழித்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது. பெரிய வலி இல்லை. ஆனால் தசை மேலே சுருண்டு தோளுக்குக் கீழே ஒரு பந்தாகத் திரண்டது. மறுநாள் முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை கருநீலமாகக் கன்றியது.

பயிற்சியாளர் கையை அழுத்திப் பார்த்துவிட்டு, ‘சதைப் பிடிப்புதான், மருத்துவமனைக்குப் போனால் தேவையில்லாமல் கத்தி வைத்துவிடுவார்கள்’ என்றார். பனிக்கட்டி ஒத்தடமும் இறுக்கமான பட்டையும் போதும் என்றார். விரைவில் ஆறுவதற்கென்று ஓர் ஊசியும் போட்டார். இரண்டாம் வாரம் என் கையில் சிறிய டம்பெல்லைக் கொடுத்து மடக்கி நீட்டவும் வைத்தார். மருத்துவர் கேட்கக்கூடிய முதல் கேள்வி எதுவென்று அவருக்குத் தெரிந்திருந்தது என்றே இன்று நினைக்கிறேன்.

24-ஆம் நாள் எலும்பு மருத்துவரிடம் போனேன். அவர் முழங்கை மடிப்பில் தம் விரலைக் கொக்கிபோல் நுழைத்துப் பார்த்தார். விரலில் தட்டுப்பட வேண்டிய நாண் அங்கே இல்லை. ஸ்கேன் அதை உறுதி செய்தது. இத்தகைய காயத்தை முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்குள் தைத்து இணைப்பதே எளிது. அதன்பின் நாண் மேலே இழுபட்டுச் சுருங்கித் தழும்போடு ஒட்டிக்கொள்கிறது. எனக்கு முழங்கையை நன்கு மடக்கி வைத்துத்தான் நாணை எலும்புவரை கொண்டுவர முடிந்தது என்றும், முன்கையைத் திருப்பும் வலு முழுமையாகத் திரும்பாமல் போகலாம் என்றும் அறுவை சிகிச்சைக்குப் பின் சொன்னார்கள்.

மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் உட்கொண்ட மருந்துகளையெல்லாம் கேட்டபோதுதான் உண்மையை முழுமையாகச் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. உடனே கூடுதல் பரிசோதனைகளுக்கு எழுதினார். இரத்த அழுத்தம் 150-க்கு 100 இருந்தது. நல்ல கொழுப்பு மிகவும் குறைந்திருந்தது. சில கல்லீரல் நொதிகள் கடும் பயிற்சியாலேயே உயரக்கூடும் என்பதால் அவற்றை மட்டும் நம்பாமல் வேறு அளவுகளையும் பார்த்து, கல்லீரல் பாதிக்கப்பட்டிருப்பதை உறுதி செய்தார்கள். வெளியிலிருந்து வந்த ஹார்மோனால் என் உடல் தன் சொந்த டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தியையே நிறுத்தியிருந்தது. அது மெல்லத் திரும்பி வந்த ஐந்து மாதங்களும் காலையில் எழுந்திருப்பதே பெரும்பாடாக இருந்தது. காரணமில்லாமல் அழுகை வரும். கையில் பட்ட காயத்தைவிட அந்த மாதங்களே என் வீட்டாரை அதிகம் வருத்தின.

பயிற்சியாளரிடம் நியாயம் கேட்கப் போனேன். நானே விரும்பிக் கேட்டு வாங்கியதாகச் சொன்னார். முன்பணமாகச் செலுத்தியிருந்த மீதி மாதங்களின் கட்டணத்தையும் திருப்பித் தரவில்லை. தூக்கும் முறை தவறு என்பதால்தான் நாண் அறுந்தது என்று மற்றவர்களிடம் பரப்பினார். பெயர்ச்சீட்டும் ரசீதும் இல்லாததால் என் கையில் எந்தச் சான்றும் இல்லை. பெயர்ச்சீட்டில்லாத குப்பி எதற்கென்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

ஆகவே பெயர்ச்சீட்டு இல்லாத எதையும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சீட்டு இருந்தால் மட்டும் போதும் என்றும் எண்ணிவிடாதீர்கள். 13 நாடுகளில் வாங்கிய 634 ஊட்டப் பொருள்களைச் சோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 94 பொருள்களில் சீட்டில் குறிப்பிடாத ஹார்மோன் பொருள்கள் இருந்தன. பல மாதங்கள் நகராத எடை சில வாரங்களில் 30 கிலோ ஏறினால், அதைச் சாதனையாகக் கொள்ளாமல், என்ன உட்கொள்கிறோம் என்று அன்றே விசாரியுங்கள். முன்னரே பயன்படுத்திக்கொண்டிருந்தால், வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லி அவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள். விற்றவரே ‘பின்விளைவைச் சரிசெய்ய’ என்று தரும் அடுத்த மாத்திரையை மறுத்துவிடுங்கள். எனக்கும் அது நீட்டப்பட்டது. பளு தூக்கும்போது சத்தம் கேட்டு, தசையின் வடிவம் மாறி, கன்றிப்போனால், வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

அந்தக் கூடத்தில் 17 வயதுப் பையன் ஒருவனும் அதே குப்பியிலிருந்து மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தான். வளர்ச்சி முடியாத வயதில் இம்மருந்துகள் எலும்பின் வளர்முனைகளை முன்கூட்டியே மூடி, உயரத்தை அத்தோடு நிறுத்திவிடக்கூடும். அவனுடைய பெற்றோரை நேரில் சந்தித்து என் கைத் தழும்பையும் பரிசோதனைத் தாள்களையும் காட்டினேன். அவன் மாத்திரையை நிறுத்தி ஐந்து வாரங்கள் ஆகின்றன. முதல் இரத்தப் பரிசோதனைக்கு நானும் உடன் சென்றேன், அடுத்ததற்கும் வரச் சொல்லியிருக்கிறான்.