பத்து ஒயர்களோடு பதினோரு வருடம்: ஈசிஜி லீட் போட்ட அனுபவம்

நான் ஈசிஜி டெக்னீஷியன். பதினோரு வருடமாக இதே வேலை. சாதாரண நாளில் பதினைந்து பேர் வருவார்கள், திங்கட்கிழமை ஓ.பி. கூட்டம் என்றால் முப்பதைத் தாண்டும். ஒரு நேரத்தில் ஒரு லீடை மட்டும் வரையும் ஒரு சேனல் மெஷினில் கற்றுக்கொண்டு, மூன்று சேனலில் பல வருடம் ஓட்டி, இப்போது பன்னிரண்டு லீடும் ஒரே தாளில் வரும் மெஷினில் எடுக்கிறேன். உடம்பில் மாட்டும் ஒயரையும் லீட் என்போம், தாளில் வரும் அலை வரிசையையும் லீட் என்போம்; பத்து ஒயரிலிருந்து பன்னிரண்டு வரிசை வரும். புதிதாக கிளினிக் போடுகிறவர்கள் எந்த மெஷின் வாங்கலாம் என்றுதான் கேட்பார்கள். உடம்பில் தொடுகிற அந்தப் பத்து இடங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் கண் முன்னால் கெட்டுப்போன ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலானவை அங்கேதான் கெட்டன. அதனால் இது முழுக்க லீட் பற்றிய பகிர்வு.

நம்மூரில் வழக்கமாகக் கிடைப்பது கை கால்களுக்கு நான்கு கிளாம்ப், நெஞ்சுக்கு ஆறு ரப்பர் பல்பு (அமுக்கி விட்டால் தோலை உறிஞ்சிப் பிடிக்கும்; வைக்கும் இடத்தைப் பொறுத்து வி1 முதல் வி6 வரை பெயர்). கிளாம்பைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. துணி காயப்போடும் கிளிப் போலத்தான், மாட்டினால் நிற்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் மட்டும் மாற்ற வேண்டும். ஒல்லியான பாட்டிகளின் மணிக்கட்டில் நிற்காமல் சுழலும், அப்போது முன்கையில் சற்று மேலே ஏற்றிக்கொள்வேன். இரண்டு கைக்கும் ஒரே உயரம், அது முக்கியம். கை அல்லது கால் எடுக்கப்பட்டவர் என்றால் மிச்சம் இருக்கும் பகுதியில் வைத்து, மறுபக்கமும் அதே உயரத்தில் வைக்கிறேன்.

நிறங்களுக்கு எனக்குச் சொல்லிக் கொடுத்த அக்கா ஒரு வழி வைத்திருந்தார். வலது கையில் தொடங்கி வட்டமாக வந்தால் சிக்னல் விளக்கு: சிவப்பு, மஞ்சள், பச்சை. அதாவது வலது கை சிவப்பு, இடது கை மஞ்சள், இடது கால் பச்சை. மிச்சமிருக்கும் கறுப்பு வலது காலுக்கு. இதை நம்பி நிம்மதியாக இருந்தேன், அமெரிக்க நிற முறையில் ஒரு கேபிள் வரும் வரை. அதில் வலது கை வெள்ளை, இடது கை கறுப்பு, இடது கால் சிவப்பு, வலது கால் பச்சை. கை பழகிப் போனதால் கறுப்பை நேராக வலது காலுக்குக் கொண்டுபோனேன். மாட்டுவதற்கு முன் கவனித்துவிட்டேன். அன்றிலிருந்து நிறத்தைப் பார்ப்பதோடு நிற்பதில்லை, ஒயரில் உள்ள எழுத்தையும் படித்துவிட்டுத்தான் மாட்டுகிறேன்.

ஆனால் முதல் வருடத்தில் கவனிக்காமல் விட்ட தவறு ஒன்று உண்டு. ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு இரண்டு கை ஒயரையும் மாற்றிப் போட்டுவிட்டேன். கை கால் ஒயர்களிலிருந்து வரும் வரிசைகளில் லீட் 1 முழுக்கத் தலைகீழாக வந்திருந்தது, வழக்கமாகக் கீழ்நோக்கி இருக்கும் ஏவிஆர் மேல்நோக்கி இருந்தது. நான் தாளைக் கிழித்து அப்படியே கொடுத்துவிட்டேன். இதயம் வலப்பக்கம் இருப்பவரோ என்று அந்த மனிதரிடமே பேச்சு வந்து, அவரும் மனைவியும் பயந்து போனார்கள். மூத்த டாக்டர் தாளைப் பார்த்தார். நெஞ்சு லீடுகளில் அலை வழக்கம்போல வளர்ந்திருப்பதைக் காட்டி, "இதயம் இடத்தில்தான் இருக்கு, ஒயர்தான் மாறியிருக்கு, திரும்ப எடும்மா" என்றார். உண்மையிலேயே வலப்பக்க இதயம் என்றால் வி6-ஐ நோக்கிப் போகப் போக அலை சிறுத்துக்கொண்டே போகும். அந்த இருவரின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. இப்போது தாளைக் கிழிக்கும் முன் மூன்று இடம் பார்ப்பேன். லீட் 1 தலைகீழாக இருக்கிறதா, ஏவிஆர் மேலே நிற்கிறதா, லீட் 2 கோடு போலத் தட்டையாகக் கிடக்கிறதா. கடைசியாகச் சொன்னது இருந்தால் பெரும்பாலும் வலது கை ஒயரும் வலது கால் ஒயரும் இடம் மாறியிருக்கும்.

சரி, நெஞ்சுக்கு வருவோம். இங்கேதான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு கிட்டத்தட்ட ஒன்றேதான்: வி1, வி2 இரண்டையும் மேலே வைத்துவிடுவது. காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழே, கண்ணுக்குச் சரியாகத் தெரியும் இடத்தில் பல்பை அழுத்திவிடுவார்கள். அது இரண்டாவது அல்லது மூன்றாவது விலா இடைவெளி. இருக்க வேண்டியது நான்காவது. அப்படி எடுத்த தாளில் பழைய மாரடைப்பு போலவோ, இதயத்தின் வலப்பக்க மின்பாதைக் கிளையில் தடை இருப்பது போலவோ தோற்றம் வரும். ஒன்றுமில்லாத மனிதர் எக்கோ, மற்ற டெஸ்ட் என்று அலைவார். செலவு அவருடையது, தூக்கம் கெடுவதும் அவருக்குத்தான். வி2-வில் பி அலை (ஒவ்வொரு துடிப்பிலும் முதலில் வரும் சின்ன அலை) முழுக்கக் கீழ்நோக்கி இருந்தால் பல்பு மேலே ஏறியிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

நான் செய்வது இப்படி. கழுத்தடிக் குழியில் விரலை வைத்து மார்பெலும்பின் மேலே மெதுவாகக் கீழே இறக்குவேன். கொஞ்ச தூரத்தில் ஒரு மேடு தட்டும். அந்த மேட்டுக்குப் பக்கவாட்டில் இருப்பது இரண்டாவது விலா. அதற்குக் கீழே உள்ள பள்ளம் இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து விரலாலேயே மூன்று, நான்கு என்று எண்ணி இறங்கினால் வி1-க்கு மார்பெலும்பின் வலது ஓரம், வி2-க்கு இடது ஓரம். அடுத்து வி3-க்குப் போகாமல் வி4-ஐ வைக்க வேண்டும்: ஐந்தாவது இடைவெளி, காறை எலும்பின் நடுவிலிருந்து நேர் கீழே. வி2-க்கும் வி4-க்கும் நடுவில் வி3. பிறகு வி5 அக்குளின் முன் மடிப்புக்கு நேராக, வி6 அக்குளின் நடுவுக்கு நேராக. இந்த இரண்டும் வி4-இன் மட்டத்திலேயே படுக்கைவாட்டில் போக வேண்டும். விலா வளைகிறதே என்று இடைவெளியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறக் கூடாது. முலைக்காம்பை அடையாளமாக வைத்து அளப்பதும் தவறு, அது ஆளுக்கு ஆள் மாறும். எண்ணி வைப்பதற்கு எனக்கு அரை நிமிடம்கூட ஆவதில்லை.

பெண்களுக்கு எடுக்கும்போது இந்த எண்ணிக்கை அவசரத்தில் காணாமல் போகிறது. கூச்சத்தில் நோயாளி சேலையை இழுத்துப் பிடித்துக்கொள்வார், எடுப்பவரும் சங்கடப்பட்டு எங்கோ வைத்துவிடுவார். திரை இழுத்து, கதவைச் சாத்தி, துணையாக வந்த பெண்ணை உள்ளே நிற்க வைத்து, எங்கெங்கே தொடப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் தளர்ந்து படுத்துவிடுகிறார்கள். வி4, வி5, வி6 மார்பகத்தின் அடியில் வர வேண்டும். புறங்கையால் லேசாக உயர்த்தி வைத்துவிட்டு, உடனே மேலே ஒரு துணியைப் போர்த்திவிடுவேன். போர்த்தினால் டிரேசிங் (தாளில் வரும் கோடு) ஒன்றும் கெடாது. தாலியைக் கழற்றச் சொல்லும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது தேவையே இல்லை. பல்பிலோ கிளாம்பிலோ உலோகம் படாமல் இருந்தால் போதும், தோள் பக்கம் தள்ளி வைத்தால் சரியாகிவிடும். நெஞ்சு வலியோடு வந்த ஒரு அம்மாவிடம் தாலியைக் கழற்று என்று சொன்னால் அவர் மனம் என்ன பாடுபடும்!

பல்பைப் பற்றி என் கணிப்பு இரண்டு விதமானது. ஓ.பி.யில் அதற்கு நிகர் இல்லை. கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம், செலவு குறைவு. ஆனால் ரப்பர் வெடித்ததும் காற்றைப் பிடிக்காது. முடி அடர்ந்த நெஞ்சில் நழுவும். வயதானவர்களின் மெல்லிய தோலில் வட்ட வட்டமாகக் கன்றிப்போகும், வீட்டில் அதைப் பார்த்துவிட்டு மகன் வந்து கேட்பார். மாரடைப்பில் வேர்த்துக் கொட்டும் ஆளுக்குப் பல்பு நிற்கவே நிற்காது. நெஞ்சு வலி என்று வந்தால் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது விதி. அந்த நேரத்தில் ஒவ்வொரு பல்பாக விழுந்துகொண்டிருந்தால் கை நடுங்கிவிடும். நான்கு வருடத்துக்கு முன் கேஷுவாலிட்டிக்கு மட்டும் ஒட்டும் எலக்ட்ரோடு வாங்கித் தரச் சொல்லி நச்சரித்தேன், கிடைத்தது. பழைய கேபிளிலேயே மாட்ட சின்ன அடாப்டர் வருகிறது. வேர்வையைத் துடைத்து, முடியை வழித்து ஒட்டினால் ஆட்டமே இல்லை. பாக்கெட்டைத் திறந்து வைத்தால் ஜெல் காய்ந்துவிடும், அது ஒன்றுதான் குறை. இன்னொரு வசதியும் இருக்கிறது. திரும்பத் திரும்ப எடுக்கும் நோயாளிக்கு ஒட்டியதை அப்படியே விட்டு வைக்கலாம். பல்பு என்றால் பேனாவால் ஆறு புள்ளி வைத்துவிடுவேன். ஒரு மணி நேரத்தில் எஸ்டி (அலையில் மாரடைப்புக்காகப் பார்க்கும் பகுதி) மாறியதா என்று டாக்டர் ஒப்பிடும்போது, மாறியது இதயமா பல்பின் இடமா என்ற குழப்பம் இருக்கக் கூடாது.

ஜெல்லி விஷயத்தில் கஞ்சத்தனமும் வேண்டாம், தாராளமும் வேண்டாம். வி1-லிருந்து வி3 வரை ஒரே இழுப்பாகப் பூசினால் மூன்று பல்பும் ஒன்றோடொன்று சேர்ந்து, மூன்றும் ஒரே மாதிரி அலையைக் காட்டும். ஸ்கேன் அறையில் இருந்து ஜெல்லி கடன் வாங்குவதும் நடக்கிறது. ஈசிஜி ஜெல்லியில் உப்பு இருக்கும், மின்சாரத்தைக் கடத்துவது அதுதான். ஸ்கேன் ஜெல்லி அதற்காகச் செய்தது இல்லை. ஈசிஜியை உருவாக்கிய ஐந்தோவன் ஆரம்பத்தில் நோயாளியின் கையையும் காலையும் உப்புத் தண்ணீர் வாளியில் வைத்துத்தான் எடுத்தார், 1924-இல் நோபல் பரிசும் வாங்கினார். ஜெல்லி தீர்ந்த ராத்திரியில் சலைனில் நனைத்த பஞ்சை வைத்து நானும் சமாளித்திருக்கிறேன், டிரேசிங் நன்றாகவே வந்தது. பவுடர், எண்ணெய் பூசி வருபவர்களுக்கு முதலில் துடைத்துவிட வேண்டும்.

கோடு முழுக்க முள் முள்ளாக வந்தால் மெஷினைத் திட்டுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். எர்த் சரியில்லாத சுவர், பக்கத்தில் சார்ஜ் ஏறும் செல்போன், இவைதான் பெரும்பாலும் காரணம். ஏசி குளிரில் நடுங்குபவருக்குப் போர்வை போடுங்கள். கோடு அழகாக வரட்டும் என்று மஸில் ஃபில்டரை அழுத்துவது எனக்குப் பிடிக்காது. அது நடுக்கத்தோடு சேர்த்து பேஸ்மேக்கரின் சின்னக் குத்துக்கோட்டையும் மழுங்கடித்துவிடும். வேறு வழியே இல்லாமல் போட்டால் தாளில் எழுதிவிடுகிறேன்.

தாளில் எழுதுவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். படுக்க முடியாமல் மூச்சு வாங்கியவரை உட்கார வைத்து எடுத்தால் 'உட்கார்ந்த நிலை' என்று எழுதுங்கள். கீழ்ப்பக்க மாரடைப்பு என்று டாக்டர் வலப்பக்க லீட் கேட்டால், வி4 ஒயரை வலது நெஞ்சில் அதே உயரத்தில் வைத்து எடுப்போம். மெஷினோ தாளில் வி4 என்றே அச்சடிக்கும். அதை அடித்து 'வி4ஆர்' என்று பேனாவால் எழுதாவிட்டால், அடுத்த ஷிப்ட் டாக்டருக்கு அது வெறும் வி4 தான்.

அந்தத் தாள் வெப்பத்தில் அச்சாவது, நாளாக ஆக மங்கும். பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தால் இன்னும் சீக்கிரம். போன மாதம் ஒருவர் பழைய ஈசிஜியை பத்திரமாகக் கவரில் போட்டுக் கொண்டுவந்தார். அவர் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. உள்ளே கட்டங்கள் மட்டும் மிச்சம், அலைகள் போய்விட்டன. ஒப்பிட எதுவும் இல்லாமல் அவரை ராத்திரி முழுக்க அட்மிஷனில் வைக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு ஈசிஜி எடுத்துக் கொடுக்கும் ஒவ்வொருவரிடமும், கதவைத் தாண்டும் முன்பே செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.