12ஆ, 15ஆ? மாணவர் குறும்படத்துக்கு வயது குறிக்க உதவும் நான்கு முறைகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் பாடசாலைப் பிள்ளைகள் எடுக்கும் குறும்படங்கள் சிலவற்றில் முதல் சட்டகமே இந்தியத் தணிக்கைச் சான்றிதழ் மாதிரி ஒரு படமாக இருக்கும். நடுவில் பெரிதாக 'யூ', அதாவது எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற தரம். உள்ளே கசிப்பு, பெல்ட் அடி, எறிகணை, தூக்குக்கயிறு என்று எல்லாம் வரும். அந்த 'யூ' அலங்காரத்துக்குப் போட்டது. யாரும் கொடுக்காத சான்றிதழைக் கொடுத்தது போலக் காட்டுவது பிழை என்பது ஒரு பக்கம். அதை நம்பித் தரம் 6 பிள்ளைகளை முன்வரிசையில் இருத்துகிற ஆசிரியர் படும் பாடு இன்னொரு பக்கம்.

காசில்லாமல் பார்க்கக்கூடிய நான்கு முறைகளை (பிரித்தானியா, அமெரிக்கா, இந்தியா, யூரியூப்), ஒரு மாணவர் படத்துக்கு எவ்வளவு உதவும் என்ற கணக்கில் இங்கே எடைபோடுகிறோம்.

முதலிடம் பிரித்தானியாவின் பிபிஎஃப்சிக்கு. 1912இல் தணிக்கைச் சபையாகத் தொடங்கி, 1984இல் தரப்படுத்தற் சபை என்று பெயர் மாறியது. (இலங்கையின் தணிக்கைச் சபை இயங்குகிற சட்டமும் 1912ஆம் ஆண்டினதுதான்.) யூ, பிஜி (பெற்றோர் வழிகாட்டலோடு), 12ஏ, 15, 18 என்பவை அதன் திரையரங்குப் படிகள். 2002இல் வந்த 12ஏ என்பது, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை பெரியவர் ஒருவரோடு வந்தால் பார்க்கலாம் என்ற ஏற்பாடு. இதன் பலமே காரணத்தை எழுதி வைப்பதில்தான் இருக்கிறது. வன்முறை, ஏச்சு, போதைப்பொருள், பாலியல், அச்சுறுத்தல், பாகுபாடு, பிள்ளைகள் பார்த்துச் செய்யக்கூடிய ஆபத்து என்று ஒவ்வொன்றுக்கும் எந்தப் படியில் எதுவரை போகலாம் என்பதை வழிகாட்டியில் பார்க்கலாம். இணையத்தளத்தில் ஒரு படத்தைத் தேடினால் எண்ணோடு சேர்த்து, படத்தில் என்ன இருக்கிறது என்பதையும் ஒரு வரியில் சொல்லியிருப்பார்கள். மாணவர்கள் இரவல் வாங்க வேண்டியது அந்த வரியைத்தான். முத்திரைகளை எடுக்கக்கூடாது, அவை சபையின் பதிவுசெய்த வணிகக் குறிகள்.

பயன்படுத்தும் முறை இதுதான். தொகுப்பு முடிந்ததும் ஒரு தாளில் நேரம், கண்ணுக்குத் தெரிவது, காதுக்குக் கேட்பது, எத்தனை விநாடி, கிட்டவா தூரவா என்று ஐந்து கோடு போடுங்கள். படத்தை ஓடவிட்டு உறுத்துகிற இடம் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். படத்தின் படியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஆகக் கடுமையான இடம்தான். மிச்சம் எட்டு நிமிடம் குளக்கட்டும் வயலுமாக இருந்தாலும் அது குறையாது.

உதாரணத்துக்கு ஒரு 9 நிமிடக் கதை. தகப்பன் கசிப்புக் குடித்துவிட்டு வந்து மகனை அடிக்கிறார். கதவு மூடியிருக்கிறது, சத்தம் மட்டும் கேட்கிறது என்றால் 12 தாங்கும். அடுத்த நாள் முதுகுத் தழும்பை ஒரு விநாடி காட்டினாலும் அநேகமாக 12தான். பிய்ந்த தோலையும் இரத்தத்தையும் கிட்டப்போய் நின்று காட்டினால் 15. 12இல் காயத்தையும் இரத்தத்தையும் அழுத்திக் காட்டக்கூடாது என்பது அங்குள்ள விதி.

அதே கதையில் தம்பி வயல் வரம்பில் துருப்பிடித்த பொருளொன்றை எடுத்துக் கல்லால் தட்டி விளையாடுகிறான் என்று வையுங்கள். இரத்தமுமில்லை, ஏச்சுமில்லை. இயக்குநர் தாளில் எழுதாமலே விடுகிற இடம் இது. ஆனால் ஆபத்தான செயலைப் பாதுகாப்பானது, சந்தோசமானது என்று காட்டினால் பிஜிகூடக் கிடைக்காது. வன்னியில் இதை இன்னும் இறுக்கமாக எடுக்க வேண்டும். கண்ணிவெடி அகற்றும் பலகைகள் இன்னும் நிற்கிற மண். தட்டுகிற நெருக்கக் காட்சியை வெட்டி, தூரத்திலிருந்து பெரியவர் ஒருவர் கத்த, பிள்ளை தொடாமல் வந்த வழியே திரும்பி நடப்பதாக எடுத்தால் கதையும் கெடாது, படியும் ஏறாது.

தற்கொலைக் காட்சிக்கும் இதே கண் வேண்டும். எப்படிச் செய்தார் என்ற விளக்கம் 15க்குள்ளும் அடங்காமல் போகலாம். அலரி விதையோ கிருமிநாசினிப் போத்தலோ திரையில் வரத் தேவையில்லை. வாசலில் கூடிய சனத்தைக் காட்டினால் பார்ப்பவருக்கு விளங்கும்.

பிபிஎஃப்சியின் குறை, அது எங்களுடைய ஊரை அறியாது. சாதிப்பெயர் சொல்லி ஏசுவதும், மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களை இழித்துச் சொல்வதும் பாகுபாடு என்ற தலைப்பில் வரும். ஆனால் எந்தச் சொல் எவ்வளவு சுடும் என்று அந்த வழிகாட்டியில் தேடிப் பயனில்லை. நாங்கள்தான் நிறுக்க வேண்டும். ஒலியும் அப்படித்தான். கிபிர் போர்விமான இரைச்சலும் எறிகணை வரும் ஊளையும் இலண்டனில் வெறும் ஒலிக்கலவை. புதுக்குடியிருப்பில் ஒரு மண்டபத்தில் பெரிய ஸ்பீக்கரில் போட்டால் எழும்பி வெளியே போகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் நாற்பது, ஐம்பது வயதுக்காரர். வயது எண் அவர்களுக்கு ஒன்றும் சொல்லாது.

அமெரிக்க முறையில் அதிகம் நிற்கத் தேவையில்லை. 1968இல் தொடங்கியது, பிஜி-13 1984இல் சேர்ந்தது. கடுமையான கெட்டவார்த்தை ஒருமுறை வந்தாலே குறைந்தது பிஜி-13, போதைப்பொருள் பாவிப்பதைக் காட்டினாலும் அப்படியே என்பன போன்ற தெளிவான வரம்புகள் நல்லவை. ஆனால் ஆர் தரப் படத்தைப் பதினேழுக்குக் குறைந்தவரும் தாய் தகப்பனோடு பார்க்கலாம் என்பது பாடசாலை மண்டபத்துக்கு உதவாத ஏற்பாடு.

இந்திய முறையை எங்கள் சனம் சொல்லாமலே வாசிக்கும். அதுவே அதன் பெரிய இலாபம். 2023 திருத்தச் சட்டத்துக்குப் பிறகு பழைய யூ/ஏ மூன்றாகப் பிரிந்து 7+, 13+, 16+ என்று வந்திருக்கிறது. 12, 15 என்பதைவிட 13+, 16+ எங்கள் வகுப்புகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. தரம் 6 பிள்ளைக்கு 10, 11 வயது; 13+ என்றால் ஏறக்குறைய தரம் 9இலிருந்து, 16+ என்றால் சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயதிலிருந்து. சுவரொட்டியில் 'இயக்குநரின் பரிந்துரை: 13+' என்று எழுதினால் போதும். அந்த 'பரிந்துரை' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

யூரியூப்பில்தான் ஆகக் கூடிய பிழைகள் நடக்கின்றன. பதிவேற்றும்போது வரும் ஒரு கேள்வி, இது பிள்ளைகளுக்காகத் தயாரித்ததா என்பது. பிள்ளைகள் நடித்ததால் 'ஆம்' போட்டுவிடுகிறார்கள். போட்டவுடன் கருத்துப் பகுதி மூடப்படும். 'யூ' தரத்துக்கும் இந்தக் கேள்விக்கும் தொடர்பில்லை. பெரியவர்களுக்கும் சேர்த்து எடுத்த படம் என்றால் 'இல்லை'. அதற்குக் கீழே வயதுக் கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கும்; அதில் 18 மட்டும்தான் உண்டு, 13உம் இல்லை 16உம் இல்லை. அதைப் போட்டால் கணக்கில் நுழையாதவருக்குப் படம் ஓடாது, வேறு தளங்களில் பதித்தாலும் அநேகமாக ஓடாது. போட்டி நடுவர் கணக்கில் நுழையாத மடிக்கணினியில் திறந்தால் கறுப்புத் திரைதான். ஆகவே 16+ படத்துக்கு இந்தப் பூட்டு வேண்டாம். விவரணையின் முதல் வரியிலும் படத்தின் தொடக்க அட்டையிலும் எழுதுங்கள்.

அட்டை இப்படி இருக்கலாம்: 'பரிந்துரை 13+. எறிகணைச் சத்தம், வீட்டு வன்முறை, மது.' கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து, ஆறு விநாடி. இரண்டு விநாடி போட்டால் பின்வரிசையில் வாசித்து முடியாது. பிரீமியர் என்ற தொகுப்பு மென்பொருளில் 'கொ' உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாக நின்றால், கிராஃபிக்ஸ் அமைப்பில் எழுத்து இயந்திரத்தைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றிவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.

முன்னோட்டத்துக்குத் தனியாக ஒரு தாள் போடுங்கள். படத்துக்கு வருபவர் தெரிந்து வருகிறார். முன்னோட்டம் தொலைபேசியில் தானாக வந்து விழும், அதற்குக் கதைப் பின்னணியும் இல்லை. பிபிஎஃப்சி முன்னோட்டங்களை முழுப்படத்தைவிட இறுக்கமாகப் பார்ப்பது இதனால்தான். படம் 16+ என்றாலும் முன்னோட்டம் 7+இல் நிற்கட்டும். மண்டபம் எடுத்து ரிக்கற் விற்றுக் காட்டுகிற எண்ணமிருந்தால் இந்த நான்கில் எதுவும் போதாது. திகதி குறிக்கும் முன்பே கொழும்பில் தணிக்கைச் சபையிடம் விசாரியுங்கள்.