தட்டைப்புழுவா, பல்லியா? மறுவளர்ச்சியைக் காட்ட எது ஏற்றது

கோத்தகிரிப் பக்கம் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இழந்த உடற்பகுதி மீண்டும் வளரும் மறுவளர்ச்சியைத் தலைப்பாக எடுக்கும் மாணவர்கள், நன்னீர்த் தட்டைப்புழுவைக் காட்டுவதா, சுவர்ப் பல்லியைக் காட்டுவதா என்று கேட்பதுண்டு.

செலவு: புழுவுக்குக் கண்ணாடிக் கிண்ணம், குளோரின் கலவாத ஊற்றுநீர், வாரம் ஒருமுறை சிறிது அவித்த முட்டையின் மஞ்சள் கரு. பல்லிக்குச் செலவே இல்லை.

காலம்: வெட்டிய புழுவின் வால்துண்டில் ஒன்றிரண்டு வாரங்களில் புதிய தலை உருவாகிவிடும். பல்லி வாலுக்குப் பல வாரங்கள், சில வேளை மாதங்கள்.

பராமரிப்பு: புழுவுக்கு நீர் குளிர்ந்திருக்க வேண்டும், சமவெளியில் தொல்லையான இது மலையில் எளிது.

வளர்வது எது: பல்லி, வால் முள்ளெலும்புகளில் இயல்பாகவே அமைந்த முறிவுத் தளத்தில் தசையைச் சுருக்கி வாலை விடுகிறது, பின்னர் முளைக்கும் வாலில் முள்ளெலும்புகளுக்குப் பதிலாக நீண்ட குருத்தெலும்புக் குழாயே இருக்கும், கால் போனாலோ அதுபோல் முளைப்பதில்லை. தட்டைப்புழுவிலோ உடலில் பரவியுள்ள, எவ்வகை உயிரணுவாகவும் மாறவல்ல குருத்தணுக்கள் மூளையைக்கூடப் புதிதாகக் கட்டுகின்றன. வெட்டுவாயில் முதலில் வெளிறிய மொட்டு அரும்பி, சில நாட்களில் அதில் ஊசிமுனை அளவில் இரு கரும்புள்ளிகளாகக் கண்கள் தெரிவதைக் கைலென்சில் பார்ப்பது எனக்கு இன்றும் வியப்பே.

கண்காட்சி நெருங்கிவிட்டதென்றால் தட்டைப்புழுவே ஏற்றது. பல்லி தன் வாலில் கொழுப்பைச் சேமிப்பதால் அதை வேண்டுமென்றே அறுப்பதை நான் ஏற்கமாட்டேன். ஏற்கெனவே வாலிழந்த பல்லி வீட்டுச் சுவரில் இருந்து, பருவம் முழுவதும் பொறுமையாகப் படமெடுத்துக் குறிப்பெழுத விரும்புவோருக்கு மட்டும் அது பொருந்தும்.