இல்லாத கட்டளை எந்தப் பொதியில் இருக்கிறது? ஆப்ட்-ஃபைலும் மற்ற வழிகளும்

டெர்மினலில் ஒரு கட்டளையை அடிக்கிறோம், அப்படி ஒன்று இல்லை என்று பதில் வருகிறது. நிரலின் பெயரும் அது அடங்கிய பொதியின் (பேக்கேஜ்) பெயரும் ஒன்றாக இருந்தால் சிக்கல் இல்லை. எச்டாப் வேண்டும் என்றால் எச்டாப் என்ற பொதியை நிறுவினால் முடிந்தது. ஆனால் பல நேரம் அப்படி அமைவதில்லை. டெபியன் லினக்ஸில் ஐஎஃப்கான்ஃபிக் இருப்பது நெட்-டூல்ஸ் பொதியில். கில்ஆல், பிஎஸ்மிஸ்க் பொதியில். என்வ்சப்ஸ்ட், கெட்டெக்ஸ்ட்-பேஸ் பொதியில். பிடிஎஃப்டுடெக்ஸ்ட், பாப்ளர்-யூட்டில்ஸ் பொதியில். பெயரைப் பார்த்து ஊகிக்க இவற்றில் எதுவும் இடம் தராது.

இதைக் கண்டுபிடிக்கப் பல வழிகள் உண்டு. டெபியன், உபுண்டு சர்வர்களோடும், நிரலைத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிவைக்கும் டாக்கர் இமேஜ்களோடும்தான் என் அன்றாட வேலை. எல்லா வழிகளையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு ஆப்ட்-ஃபைல் என்ற தேடல் கருவியில் நின்றுவிட்டேன். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு வழிகளைச் சீக்கிரம் கடந்துவிடலாம். பொதிகளை நிறுவும் கருவியான ஆப்டின் 'ஆப்ட் சர்ச்', பொதியின் பெயரிலும் விளக்கக் குறிப்பிலும் மட்டுமே தேடும், பொதிக்குள் என்ன கோப்பு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. டிஎன்எஸ் விவரம் பார்க்கும் டிக் (dig) கட்டளையைத் தேடினால் டிஜிட்டல், டிஜிகாம் என்று அந்த எழுத்துகள் வரும் எல்லாமே வந்து குவியும். 'டிபிகேஜி -எஸ்' (பெரிய எழுத்து S) கோப்பு எந்தப் பொதிக்குரியது என்று சரியாகச் சொல்லும், ஆனால் ஏற்கெனவே நிறுவிய பொதிகளுக்கு மட்டும். நம்மிடம் இல்லாததைத் தேடும்போது அதனால் பயனில்லை.

இணையத்தில் தேடிப் பழைய பதில் ஒன்றை எடுத்து ஒட்டுவதும் பலரும் செய்வதுதான். அதன் ஆபத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மீதமிருப்பவை மூன்று: கமாண்ட்-நாட்-ஃபவுண்ட், டெபியனும் உபுண்டுவும் நடத்தும் பொதித் தேடல் வலைப்பக்கங்கள், அப்புறம் ஆப்ட்-ஃபைல்.

கமாண்ட்-நாட்-ஃபவுண்ட் உபுண்டுவில் கூடவே வருவது. இல்லாத கட்டளையை அடித்ததும் "இந்தப் பொதியை நிறுவினால் கிடைக்கும்" என்று அதுவே சொல்லும். பாஷ் ஷெல், கட்டளை கிடைக்காதபோது கூப்பிடுவதற்கென்று ஒரு ஃபங்ஷனுக்கு இடம் வைத்திருக்கிறது. அதில்தான் இது நுழைந்துகொள்கிறது. புதிதாக லினக்ஸுக்கு வருகிறவருக்கு இதைவிட நல்ல உதவி கிடையாது. தேடவே வேண்டியதில்லை, பதில் தானாக வந்து நிற்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. நிரல் கணினியில் இருந்தும், அது இருக்கும் எஸ்பின் அடைவு சாதாரணப் பயனரின் பாத்தில் (கட்டளைகளை ஷெல் தேடும் அடைவுகளின் பட்டியல்) இல்லாததால்தான் கிடைக்கவில்லை என்றால், அதையும் சொல்லிவிடும். டெபியன் 10 முதல் வெறும் 'சு' போட்டு ரூட்டாக மாறினால் பாத் பழையபடியே இருக்கும். அங்கே தடுமாறியவர்களுக்கு இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும்.

ஆனால் அது கட்டளைகளை மட்டுமே அறியும். உபுண்டு களஞ்சியத்தில் (பொதிகளை இறக்கும் சேமிப்பிடம்) இதற்கென்றே ஒரு சிறிய பட்டியல் இருக்கிறது, 'ஆப்ட் அப்டேட்' செய்யும்போது இறங்கிவிடும். எந்தப் பொதியில் எந்த இயங்கு நிரல் என்பதைத் தவிர அதில் வேறு கோப்புகளின் விவரம் இல்லை. டாக்கர் இமேஜ்களில் இது இருக்காது. டெபியனில் நாமாக நிறுவிக்கொண்டால்தான் உண்டு. அங்கே அதன் அடித்தளமும் ஆப்ட்-ஃபைல் பயன்படுத்தும் அதே கண்டென்ட்ஸ் கோப்புகள்தான்.

உபுண்டுவில் இது ஸ்னாப் என்ற தனிக் கடையிலிருந்து வரும் பொதிகளையும் சேர்த்துப் பரிந்துரைக்கிறது. அதில் எனக்கு உண்மையான கவலை இருக்கிறது. பிப்ரவரி 2024இல் அக்வா செக்யூரிட்டி நிறுவனத்தின் ஆய்வுக் குழு இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆப்ட் களஞ்சியத்தில் இருக்கும் ஒரு கட்டளையின் பெயரில் யாரோ ஒருவர் ஸ்னாப் பொதியைப் பதிவு செய்துவிட்டால், இந்தக் கருவி அந்தப் போலியையும் பரிந்துரைக்கும் என்று அவர்கள் காட்டினார்கள். ஜூப்பிட்டர்-நோட்புக் என்ற பெயரை உரியவர்கள் ஸ்னாப்பில் பதிவு செய்யாமல் விட்டிருந்ததை உதாரணமாக எடுத்துக்கொண்டார்கள். ஆப்ட் பொதிகளின் கட்டளைகளில் 26% வரை இப்படி ஆள்மாறாட்டம் செய்ய இடமிருப்பதாக அவர்கள் கணக்குச் சொன்னது. திரையில் வரும் பரிந்துரையை யோசிக்காமல் அப்படியே அடிக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. சர்வரில் அந்தப் பழக்கத்துக்கு இடம் தரக் கூடாது என்பதால், என் பொறுப்பில் உள்ளவற்றிலிருந்து இதை எடுத்துவிட்டேன். வீட்டு மடிக்கணினியில் விட்டுவைத்திருக்கிறேன்.

வலைப்பக்கத் தேடலில் எதையும் நிறுவ வேண்டியதில்லை, ஃபோனிலிருந்தே தேடலாம். நம்மிடம் இல்லாத பதிப்பையும் இல்லாத சிபியு கட்டமைப்பையும் கூடப் பார்க்கலாம். ஏஆர்எம் பலகையில் இந்தப் பொதி கிடைக்குமா என்று பார்க்க நான் இன்றும் அங்கேதான் போகிறேன். ஆனால் பதிப்பை ஒவ்வொரு முறையும் நாமே சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் கணினியில் தனியாகச் சேர்த்திருக்கும் வெளிக் களஞ்சியங்கள் அதில் வரவே வராது.

ஆப்ட்-ஃபைல் வேலை செய்யும் விதம் எளிமையானது. டெபியன் களஞ்சியத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் கண்டென்ட்ஸ் என்று ஒரு பெரிய பட்டியல் உண்டு. ஒரு வரியில் கோப்பின் முழுப் பாதை, அதற்கு எதிரே பொதியின் பெயர், அவ்வளவுதான். இயங்கு நிரல், நூலகக் கோப்பு, கம்பைல் செய்யத் தேவைப்படும் ஹெடர் கோப்பு, எழுத்துரு, மேன் பக்கம் என்று பொதிக்குள் இருக்கும் எல்லாமே அதில் இருக்கும். ஆப்ட்-ஃபைல் அந்தப் பட்டியலை நம் வட்டில் வைத்துக்கொண்டு தேடுகிறது. இறக்கிய பிறகு இணையம் தேவையில்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்தான்: அந்தப் பட்டியல் எங்கிருந்து வருகிறது, அதை யார் புதுப்பிக்கிறார்கள் என்பது. தேடும் வேகமோ பதில் காட்டும் அழகோ எனக்குப் பெரிதாகப் படவில்லை.

பழைய ஆப்ட்-ஃபைலில் பட்டியலைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். மறந்துவிட்டால் பல மாதப் பழைய பதில் வரும். 3.0 பதிப்பிலிருந்து அது ஆப்டின் இறக்கும் வசதியையே பயன்படுத்துகிறது. அதாவது, ஆப்ட்-ஃபைல் நிறுவியிருந்தால் வழக்கமான 'ஆப்ட் அப்டேட்' செய்யும்போதே கண்டென்ட்ஸ் கோப்புகளும் வந்துவிடும். நம் கணினி எந்தக் களஞ்சியங்களிலிருந்து பொதிகளை எடுக்கிறதோ, அதே களஞ்சியங்களின் அதே பதிப்புப் பட்டியல் கையில் இருக்கிறது. அது சொல்லும் பொதியை அடுத்த நிமிடமே நிறுவ முடியும் என்று நம்பலாம்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு டிக் கட்டளையே சாட்சி. டெபியன் 10இல் அது டிஎன்எஸ்யூட்டில்ஸ் பொதியில் இருந்தது. டெபியன் 11இல் பைண்ட்9-டிஎன்எஸ்யூட்டில்ஸ் பொதிக்குப் போய்விட்டது, பழைய பெயர் புதியதை இழுத்துவரும் வெறும் இடைமாற்றப் பொதியாக மிஞ்சியது. இதாவது பழைய பெயரைக் கொடுத்தாலும் வேலை நடக்கும். பைத்தானில் ஓப்பன்சிவி என்ற படச் செயலாக்க நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்களின் அனுபவம் அப்படி அல்ல. மெலிந்த டாக்கர் இமேஜில் ஓடவிட்டால் லிப்ஜிஎல்.எஸ்ஓ.1 கோப்பைத் திறக்க முடியவில்லை என்று பிழை வரும். இணையத்தில் தேடினால் லிப்ஜிஎல்1-மெசா-ஜிஎல்எக்ஸ் பொதியை நிறுவு என்று பழைய பதில்கள் வரிசை கட்டி நிற்கும். அந்தப் பொதி டெபியன் 13இலும் உபுண்டு 24.04இலும் இல்லவே இல்லை. அதே கோப்பின் பெயரை ஆப்ட்-ஃபைலிடம் கொடுத்தால் லிப்ஜிஎல்1 என்று பதில் வருகிறது. அதை நிறுவியதும் பிழை போய்விடுகிறது. அடுத்ததாக லிப்ஜிதிரெட் கோப்பு இல்லை என்று ஒரு பிழை வரலாம். அதன் பொதிக்கு முன்பு லிப்ஜிலிப்2.0-0 என்று பெயர். நேரத்தை 64 பிட் எண்ணாக வைக்கும் மாற்றத்துக்காகப் பல நூலகங்களின் பெயரை மாற்றியபோது இதன் கடைசியிலும் டி64 என்று ஒட்டிக்கொண்டது. இதையெல்லாம் மனத்தில் வைத்திருக்க யாராலும் முடியாது, வைத்திருக்கவும் வேண்டாம்.

மேலே சொன்ன பிழையில் காணாமல் போனது கட்டளையே அல்ல, ஒரு நூலகக் கோப்பு. கமாண்ட்-நாட்-ஃபவுண்ட் இங்கே வாயே திறக்காது. மூலநிரலிலிருந்து எதையாவது கம்பைல் செய்கிறவருக்கு ஹெடர் கோப்பு இல்லை என்ற பிழை தினமும் வரும். எஃப்எஃப்ஐ.எச் இல்லை என்றால் லிப்எஃப்எஃப்ஐ-டெவ் வேண்டும் என்று ஆப்ட்-ஃபைல் உடனே காட்டும்.

இதற்குக் கொடுக்கும் விலையையும் சொல்ல வேண்டும். கண்டென்ட்ஸ் பட்டியல் சுருக்கிய நிலையிலேயே பல பத்து எம்பி வரும். டெபியனின் நிலையான பதிப்பில் இது அடிக்கடி மாறாது, ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திருத்தங்களோடு வரும் புள்ளி வெளியீட்டின்போதுதான் மாறும். எப்போதும் மாறிக்கொண்டிருக்கும் அன்ஸ்டேபிள் பதிப்பைப் பயன்படுத்துகிறவருக்கு ஒவ்வொரு அப்டேட்டும் கனக்கும். மொபைல் டேட்டாவில் வேலை செய்கிறவர் இதை யோசித்துத்தான் நிறுவ வேண்டும். சர்வர் ஒவ்வொன்றிலும் இதை நிறுவ வேண்டிய தேவையும் இல்லை. அதே பதிப்பு டெபியன் இமேஜில் ஒரு தற்காலிகக் கண்டெய்னரைத் திறந்து, ஆப்ட்-ஃபைலை நிறுவி, மறுபடி ஒருமுறை 'ஆப்ட் அப்டேட்' கொடுத்தால் போதும். இந்த இரண்டாவது அப்டேட் கட்டாயம், ஏனென்றால் ஆப்ட்-ஃபைல் வந்த பிறகுதான் கண்டென்ட்ஸையும் இறக்க வேண்டும் என்பது ஆப்டுக்குத் தெரியவரும். பெயர் கிடைத்ததும் அதை டாக்கர்ஃபைலில் எழுதிவிட்டுக் கண்டெய்னரை மூடிவிடலாம். நான் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறேன்.

தேடும் முறையில் ஒரு பழக்கம் வேண்டும். ஆப்ட்-ஃபைல் பாதையில் எங்கே அந்த எழுத்துகள் வந்தாலும் காட்டும். 'ஆப்ட்-ஃபைல் சர்ச் டிக்' என்றால் திரை நிரம்பி வழியும். 'பின்/டிக்' என்று கொடுத்து, -எக்ஸ் விருப்பத்தோடு கடைசியில் டாலர் குறியும் போட்டால், டிக் என்று முடியும் நிரல் மட்டும் வரும். முழுப் பாதையாக யூஎஸ்ஆர்/பின் என்று கொடுக்க வேண்டாம். டெபியன் 12இல் எல்எஸ் போன்ற அடிப்படை நிரல்கள் கணினியில் யூஎஸ்ஆர்/பின் அடைவில்தான் இருக்கின்றன. ஆனால் பொதிக்குள் எழுதியிருக்கும் பாதை வெறும் பின்/எல்எஸ்தான், பட்டியலிலும் அப்படியே இருக்கும். டெபியன் 13இல் பொதிக்குள்ளேயே யூஎஸ்ஆர்/பின் என்று மாற்றிவிட்டார்கள். 'பின்/' என்று தொடங்கித் தேடினால் இரண்டிலும் கிடைக்கும்.

ஆப்ட்-ஃபைலுக்கு உண்மையான ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. டெபியனில் விஐ, என்சி, எடிட்டர் போன்ற பெயர்கள் பொதிக்குள் கோப்புகளாக இருப்பதில்லை. பொதியை நிறுவும்போது ஆல்டர்னேடிவ்ஸ் ஏற்பாடு அவற்றை இணைப்புகளாக உருவாக்குகிறது. பொதிக்குள் இருப்பது என்சி.ஓப்பன்பிஎஸ்டி, என்சி.டிரெடிஷனல் போன்ற பெயர்கள். டாலர் குறி போட்டு என்சி என்று தேடினால் ஆப்ட்-ஃபைல் வேண்டிய பொதியைக் காட்டாது. உபுண்டுவின் கமாண்ட்-நாட்-ஃபவுண்ட் இங்கே ஜெயிக்கிறது: நெட்கேட்-ஓப்பன்பிஎஸ்டி, நெட்கேட்-டிரெடிஷனல் இரண்டையும் வரிசையாகச் சொல்லும். ஆப்ட்-ஃபைலில் டாலர் குறியை எடுத்துவிட்டு, என்சிக்குப் பின்னால் ஒரு புள்ளி சேர்த்துத் தேடினால் இவை கிடைத்துவிடும். கண்டென்ட்ஸ் பட்டியல் வெளியிடாத வெளிக் களஞ்சியங்களுக்கும் ஆப்ட்-ஃபைலால் எதுவும் செய்ய முடியாது. அங்கே அந்த நிரலின் ஆவணத்தைப் படிப்பதே வழி.

மற்ற வினியோகங்களில் என் கைப்பழக்கம் குறைவு, தேவைப்பட்டபோது தொட்டிருக்கிறேன். ஃபெடோராவில் 'டிஎன்எஃப் புரொவைட்ஸ்' என்று நிரலின் பாதையைக் கொடுத்தால் போதும், டிக்கிற்கு பைண்ட்-யூட்டில்ஸ் என்று வரும். பின் அடைவுகளில் இருக்கும் கோப்புகளின் பெயர்களை ஆர்பிஎம் களஞ்சியங்கள் முதன்மைத் தகவலிலேயே வைத்திருப்பதால், கட்டளையைத் தேட எதையும் தனியாக நிறுவ வேண்டியதில்லை. இந்த ஒன்றில் டெபியனைவிட அவர்கள் ஏற்பாடு நன்றாக இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆர்ச்சில் 2016இல் வந்த பேக்மேன் 5.0 முதல் 'பேக்மேன் -எஃப்' இருக்கிறது. ஆனால் அதன் கோப்புப் பட்டியலை -எஃப்ஒய் கொடுத்துத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும், வழக்கமான சிஸ்டம் அப்டேட் அதைத் தொடாது. ஆல்பைனில் பொதிகளே தம்மிடம் உள்ள கட்டளைகளை 'சிஎம்டி:' என்ற முன்னொட்டோடு அறிவிக்கின்றன. 'ஏபிகே ஆட் சிஎம்டி:டிக்' என்று கொடுத்தால், பொதியின் பெயர் பைண்ட்-டூல்ஸ் என்று தெரியாமலேயே அது வந்து நிறுவிக்கொள்ளும்.