இருபத்தைந்து பேர் சாப்பிடப் போகிறோம்: பொது ஹாலா, தனி அறையா, முழு இடமா?

நான்கு பேர் வெளியே சாப்பிடப் போனால் சமையல் நன்றாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும். அதே ரெஸ்டாரன்டுக்கு இருபத்தைந்து பேராகப் போய்ப் பாருங்கள். அதே சமையல்காரர், அதே மெனு, ஆனால் இடமே வேறு முகம் காட்டும். இருவராகப் போனபோது ஊரெல்லாம் புகழ்ந்துவிட்டு, பிறகு சொந்தபந்தங்களை அங்கேயே அழைத்துப் போய் அசடு வழிந்தவர்கள் பட்டியலில் நானும் உண்டு.

என் பாடம் ஒரு நண்பரின் வழியனுப்பு விருந்தில் கிடைத்தது. 22 பேர், ஒரே நீள மேஜை, சாப்பாட்டுக்குப் பேர்போன இடம். ஆளுக்கொரு மெனுவைப் பிரித்து ஆளுக்கொன்று சொன்னோம். முதல் தட்டு வாங்கியவர் சாப்பிட்டு முடித்துக் கை துடைக்கும்போது கடைசி ஆளின் தட்டு வந்தது. மரியாதைக்காகக் காத்திருந்தவர்கள் ஆறிப்போனதைத் தின்றார்கள். நண்பர் மேஜையின் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். வாசலில் செருப்பைத் தேடும்போதுதான் அவரிடம் முதல் வார்த்தை பேசினேன்.

அன்றிலிருந்து பெரிய கூட்டத்துக்கு இடம் பார்க்கும்போது எனக்கு அளவுகோல் இரண்டுதான்: காது, கடிகாரம். பேசினால் கேட்குமா? சாப்பாடு எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வருமா? ருசிக்கு மூன்றாவது இடம்தான். கோபிக்க வேண்டாம், சுமாரான சாப்பாட்டோடு நன்றாக நடந்த விருந்துகள் எனக்கு நினைவிருக்கின்றன. பிரமாதமான சாப்பாட்டோடு சொதப்பியவையும் நினைவிருக்கின்றன.

முதலில் காது

சாதாரணப் பேச்சு ஏறக்குறைய 60 டெசிபல். நிரம்பி வழியும் ஹாலில் சத்தம் 80-ஐ நெருங்கினால் பக்கத்தில் இருப்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும். கத்துவதற்கு ஒரு பெயரும் உண்டு: லோம்பார் விளைவு. எத்தியென் லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் எழுதியது. சுற்றிலும் சத்தம் கூடினால் நம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறோம், அதனால் அடுத்த மேஜைக்காரர் உயர்த்துகிறார், அதைக் கேட்டு நாம் இன்னும் உயர்த்துகிறோம். வெறும் கான்கிரீட் சுவர், கண்ணாடி, டைல்ஸ் தரை, திறந்த கிச்சன் என்று இப்போது அழகாகக் கட்டும் இடங்களில் சத்தத்தை உறிஞ்ச ஒன்றுமே கிடையாது. திரைச்சீலை, கம்பளம், மெத்தை வைத்த இருக்கை உள்ள பழைய பாணி இடங்கள் போட்டோவில் மங்கலாகத் தெரியும், பேச்சுக்கோ அவைதான் தோது.

இந்த அளவுகோலில் பொது ஹால், தனி அறை, முழு இடம் மூன்றையும் நிறுத்திப் பார்ப்போம்.

பொது ஹாலில் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு உட்காருவது மலிவு, சுலபம். வாடகை கிடையாது, குறைந்தபட்சச் செலவு என்ற நிபந்தனையும் பெரும்பாலும் இருக்காது. இன்னொரு நன்மையும் உண்டு. நம்மில் பாதிப் பேர் தாமதமாக வந்தாலும் சுற்றியுள்ள கலகலப்பில் இடம் வெறிச்சோடித் தெரியாது. ஆனால் சத்தம் நம் கையில் இல்லை. பக்கத்து மேஜையில் பிறந்தநாள் பாட்டு ஆரம்பித்தால் நம் பேச்சு நிற்க வேண்டியதுதான். நம்மில் ஒருவர் எழுந்து நான்கு வார்த்தை பேச விரும்பினால் ஹால் முழுவதும் திரும்பிப் பார்க்கும், அல்லது யாருக்குமே கேட்காது. இரண்டும் சங்கடம்.

தனி அறை என்றால் கதவைச் சாத்தலாம். விஷயமே அதுதான். பாட்டைக் குறைக்கச் சொல்லலாம், குழந்தைகள் ஓடலாம், யாராவது அழுதால்கூட வேற்று ஆட்கள் பார்க்க மாட்டார்கள். இங்கேதான் வியாபாரச் சொற்களைக் கவனிக்க வேண்டும். "அறைக்கு வாடகை இல்லை" என்பார்கள், ஆனால் இவ்வளவுக்காவது சாப்பிட்டாக வேண்டும் என்று குறைந்தபட்சத் தொகை ஒன்று இருக்கும். அந்தத் தொகையில் வரியும் சர்வீஸ் சார்ஜும் அடங்குமா, அடங்காதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவே பெரிய தொகை ஒளிந்திருக்கும். இன்னொரு பொறி: சில இடங்களில் தனி அறை என்பது மடக்குத் தடுப்பு வைத்து மறைத்த ஒரு மூலை மட்டுமே. கண்ணுக்கு மறைவு கிடைக்கும், காதுக்குக் கிடைக்காது. "கதவு இருக்கிறதா, சுவர் கூரை வரை போகிறதா?" என்ற ஒரு கேள்வியில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

முழு இடத்தையும் எடுத்துக்கொள்வது அறுபது பேருக்கு மேல் வந்தால் யோசிக்க வேண்டியது. அதற்குக் கீழே என்றால் நாம் ஒரு மூலையில் இருப்போம், மீதி மேஜைகளுக்கும் சேர்த்துக் காசு கொடுப்போம். வார நடுவில் கூட்டமில்லாத மாலைகளில் சின்ன ரெஸ்டாரன்டுகள் இதற்கு நியாயமான தொகை சொல்லக்கூடும். சனிக்கிழமை இரவு என்றால் அவர்கள் இழக்கும் வியாபாரம் முழுவதையும் நம் தலையில்தான் கட்டுவார்கள், தப்பு சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். "எழுபது பேர் கொள்ளும்" என்று விளம்பரத்தில் போடுவது பல நேரம் நின்றுகொண்டு கையில் டம்ளரோடு பேசுகிறவர்களின் கணக்கு. உட்கார்ந்து சாப்பிட எத்தனை பேர் என்பது வேறு கணக்கு.

மேஜை வடிவம் யாரும் கேட்காத கேள்வி. ஒருவருக்கு இரண்டு அடி அகலம் வேண்டும், அதற்குக் குறைந்தால் முழங்கைகள் மோதும். அப்படியென்றால் இருபது பேரை இரண்டு பக்கமும் பத்துப் பத்தாக உட்கார வைத்தால் மேஜை இருபது அடி நீளம். அந்த முனையில் சொன்ன ஜோக்குக்கு இந்த முனையில் சிரிப்பு வராது. ஐந்தடி விட்டமுள்ள வட்ட மேஜையில் எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம், ஆறடி மேஜையில் பத்துப் பேர். ஆறடிக்கு மேல் போனால் எதிரே இருப்பவரிடம் பேச மறுபடியும் கத்த வேண்டும். ராபின் டன்பர் என்ற பிரிட்டிஷ் உளவியலாளரும் கூட இருந்த ஆய்வாளர்களும் 1995-இல் எழுதியதுபோல, இயல்பாக நடக்கும் ஒரு பேச்சில் நான்கு பேருக்கு மேல் தங்குவது அபூர்வம், அதற்கு மேல் சேர்ந்தால் இரண்டாகப் பிரிந்துவிடும். ஆகவே "எல்லோரும் ஒரே மேஜையில்" என்ற ஆசை போட்டோவுக்கு மட்டும்தான் உதவும். மூன்று வட்ட மேஜை போட்டு, நடுவில் எழுந்து இடம் மாறுவது எவ்வளவோ மேல். அதற்கு நாற்காலிகளுக்குப் பின்னால் ஆள் நடக்க வழி வேண்டும். சுவரோடு ஒட்டிய சோபா இருக்கை என்றால் உள்ளே மாட்டிக்கொண்டவர் கழிப்பறை போகக்கூட ஐந்து பேரை எழுப்ப வேண்டியிருக்கும்.

பிறகு கடிகாரம்

ஆளுக்கொன்றாக ஆர்டர் செய்வது, முன்கூட்டியே முடிவு செய்த மெனு, நடுவில் வைத்துப் பகிர்வது, பஃபே. போட்டி இந்த நான்குக்கும் இடையில்தான்.

ஆளுக்கொன்றாக ஆர்டர் செய்வதில் சுதந்திரம் இருப்பதுபோல் தோன்றும். கிச்சன் பக்கம் நின்று பாருங்கள். அடுப்புகள் எண்ணி இத்தனைதான். எட்டு நிமிடத்தில் வேகும் ஒன்றையும் இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும் ஒன்றையும் ஒரே நொடியில் முடிக்க வேண்டும், நடுவில் மற்ற மேஜைகளின் ஆர்டரும் வரிசையில் நிற்கிறது. முதலில் முடிந்த தட்டு காத்திருந்து காயும். என் அனுபவத்தில் எட்டுப் பேர் வரை இது தாங்கும், பத்துப் பன்னிரண்டில் திணறும், அதற்கு மேல் வேண்டவே வேண்டாம்.

முன்கூட்டி முடிவு செய்த மெனுதான் இருபதிலிருந்து நாற்பது பேர் வரைக்கும் என் தேர்வு. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு மூன்று தேர்வுகள், அதில் ஒன்றாவது சைவம். விருந்தினர்களுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பி, யாருக்கு எது என்று பட்டியல் எடுத்து ரெஸ்டாரன்டிடம் கொடுத்துவிட வேண்டும். மேலே சொன்ன குழப்பம் அத்தனையும் கிச்சனுக்கு இல்லாமல் போகும். ஒரு குறை உண்டு: ஒரு வாரம் முன்பு என்ன சொன்னோம் என்பது பாதிப் பேருக்கு மறந்திருக்கும், பக்கத்து ஆளின் தட்டு வரும்போது "நானும் அதைத்தானே கேட்டேன்" என்பார்கள். பேர் எழுதிய சிறிய அட்டையின் பின்பக்கத்தில் அவர் கேட்டதைக் குறித்து வைத்தால் சர்வருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

ஒவ்வாமை இருப்பவர்கள் விஷயத்திலும் இந்த முறைதான் பாதுகாப்பு. யாருக்கு எது ஆகாது என்பது முன்பே எழுத்தில் போய்விடும். பஃபேயில் ஒருவர் ஒரு பாத்திரத்தின் கரண்டியை எடுத்து இன்னொன்றில் போட்டுவிட்டால் அத்தனை ஜாக்கிரதையும் வீண்.

நடுவில் பெரிய தட்டுகளாக வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவது பத்திலிருந்து இருபது பேருக்கு அருமையான முறை. உணவு வந்த நொடியிலேயே எல்லோரும் தொடங்கலாம், "இதை ருசி பார்" என்று கை நீளும்போது அறிமுகமில்லாதவர்கள்கூடப் பேச ஆரம்பிப்பார்கள். ஆனால் ஒவ்வொரு எட்டுப் பேருக்கும் முழு வரிசை தனித்தனியாக வர வேண்டும். இல்லையென்றால் நடுவில் இருப்பவர்களுக்கு விருந்து, ஓரத்தில் இருப்பவர்களுக்கு வெறும் தட்டு. ஐரோப்பிய விருந்துகளில் ஒருகாலத்தில் எல்லாவற்றையும் மேஜையில் ஒன்றாகப் பரப்பி வைப்பதுதான் வழக்கம். 19-ஆம் நூற்றாண்டில்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் முறை அதை மெல்ல ஓரங்கட்டியது. சூடாகச் சாப்பிடலாம் என்பதும் அதற்கு ஒரு காரணம். அந்த வாதம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

பஃபே நாற்பதுக்கு மேல், வந்து போகிறவர்களாக இருந்தால் மட்டும். பந்திக்கு முந்து என்ற பழமொழியின் அர்த்தம் அங்கே வரிசையில் நின்றால் விளங்கும். ஒரே பக்கம் மட்டும் எடுக்கும்படி சுவரோரமாகப் பாத்திரங்கள் இருந்தால் வரிசை நத்தை. இரண்டு பக்கமும் எடுக்கும்படி நடுவில் போடச் சொன்னால் பாதி நேரம் மிச்சம். சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே இருக்க வேண்டும், சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததைத் தொடக் கூடாது. அடியில் நெருப்போ மின்சூடோ இல்லாத பாத்திர வரிசையைப் பார்த்தால் மூன்று மணி நேர விருந்துக்கு அந்த இடம் வேண்டாம்.

புக்கிங், பில்

எத்தனை பேர் என்ற கடைசி எண்ணிக்கையை இரண்டு மூன்று நாள் முன்பே கேட்பார்கள், அதற்குப் பின் வராதவருக்கும் காசு உண்டு. நான் எப்போதும் இரண்டு பேர் குறைத்தே உறுதி சொல்வேன். இரண்டு பேர் கூடினால் சமாளித்துவிடலாம், குறைந்தால் பணம் திரும்பாது. கேக்கை வெளியிலிருந்து கொண்டுவந்தால் வெட்டுவதற்குக் கட்டணம் உண்டா, மேஜையை எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்பதையும் கேளுங்கள். இரண்டு மணி நேரக் கெடு வைக்கும் இடத்தில், முதல் அரை மணி ஆட்கள் வந்து சேரவே போய்விடும்.

பில்லைச் சமமாகப் பிரிப்பதா, அவரவர் சாப்பிட்டதற்கு அவரவரா? 2004-இல் உரி க்னீசி என்ற பொருளாதார ஆய்வாளரும் வேறு இருவரும் வெளியிட்ட சோதனையில், சமமாகப் பிரிப்பார்கள் என்று தெரிந்தால் ஆட்கள் கூடுதலாக ஆர்டர் செய்கிறார்கள் என்பது நிரூபணமானது. நம் நண்பர்களிடம் சோதனை வைக்காமலே நமக்குத் தெரிந்த உண்மை. முன்பே முடிவு செய்த மெனுவில் தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வசூலித்துவிடலாம், குடித்தவர் குடிக்காதவர் சண்டை வராதபடி பானங்களுக்கு மட்டும் தனி பில். பெரிய கூட்டங்களுக்குச் சர்வீஸ் சார்ஜைத் தாமாகவே சேர்க்கும் இடங்கள் நிறைய. பார்க்காமல் அதன்மேல் மறுபடி டிப்ஸ் வைத்துவிடாதீர்கள்.

அப்பா பணி ஓய்வு பெற்றபோது எங்கள் வீட்டில் 26 பேர். தங்கைக்கு ஆற்றங்கரையைப் பார்த்த கண்ணாடி ஹால் பிடித்திருந்தது, படம் அழகாக வருமாம். நான் பார்த்து வைத்தது ஜன்னலே இல்லாத ஒரு தனி அறை, கம்பளம் போட்டது, மூன்று வட்ட மேஜை. "அண்ணே, இது ஆஸ்பத்திரி வெயிட்டிங் ரூம் மாதிரி இருக்கு" என்றாள். இரண்டு இடத்துக்கும் அதே கிழமை, அதே எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்து பார்த்தோம். கண்ணாடி ஹாலில் அவள் சொன்னதையே நான் மூன்று முறை திரும்பச் சொல்லச் சொன்னேன். பிறகு அவளே தனி அறைக்கு அட்வான்ஸ் கட்டினாள்.

படங்கள் சுமாராகத்தான் வந்தன. வெளியில் சாப்பிடப் போனால் இரைச்சல் தாங்காமல் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் பெரியப்பா, அன்றைக்குக் கேக் வெட்டி முடியும் வரை அதைக் கழற்றவில்லை.